காவலும் பாதுகாப்பும்
ஜெயகாந்தனின் இரு படைப்புகளை முன்வைத்து ஒரு நோக்கு

1

பாலியல் வன்முறையிலிருந்து பெண்கள் தம்மைக் காத்துக்கொள்ளும் வழிவகைகள் பற்றிய அறிவுரைகளுக்கு எமது சமூகத்தில் ஒருபோதும் பஞ்சம் இருந்ததில்லை. இருட்டிய பின் வெளியே செல்லக் கூடாது. தனியே செல்லக் கூடாது. அறியாதவரோடு பேசக் கூடாது. உடையிலும் நடையிலும் அடக்கம் வேண்டும். சிரிப்பிலும் ஓர் அளவு வேண்டும். தாய் மகளுக்குக் கூறுவதும், பாடசாலை அதிபர் காலைக் கூட்டத்திற் கூறுவதும், விடுதிப் பொறுப்பாளர் புதுமுக மாணவியருக்குக் கூறுவதும் பெரும்பாலும் இவையே. இவை அன்பினாற் கூறப்படுவன என்பதில் ஐயமில்லை. ஆயின், அன்பினாற் கூறப்படும் ஒன்று சமூகத்தில் ஆற்றும் பணியும் அன்பின் பணியாகவே இருக்கும் என்ற நியதி இல்லை.

இவ்வறிவுரைகளை நிதானித்து நோக்குமிடத்து இரண்டு விடயங்கள் புலனாகின்றன. முதலாவது, இவை ஏறத்தாழ முழுவதும் பெண்ணை நோக்கியே கூறப்படுகின்றன. குற்றம் புரியக்கூடியவனை நோக்கியோ, அருகில் நின்று பார்த்திருப்பவரை நோக்கியோ கூறப்படுவன மிகச் சில. இரண்டாவது, குற்றம் நிகழ்வதற்கு முன்னர் அறிவுரையாக இருப்பது, குற்றம் நிகழ்ந்த பின்னர் குற்றச்சாட்டாக மாறிவிடுகின்றது. ‘அந்த நேரத்தில் அங்கே ஏன் போனாய்?’ என்ற வினா, ‘அந்த நேரத்தில் அங்கே போகாதே’ என்ற அறிவுரையின் மறுபக்கமேயாகும். பாதிக்கப்பட்டவள் தனக்கு நேர்ந்ததை வெளியே சொல்ல அஞ்சுவதற்கு, அவள் கேட்டு வளர்ந்த அறிவுரைகளே முதற் காரணமாகின்றன.

இவ்வாறு மாறுவது தற்செயலானதன்று என்பதும், ‘காவல்’ என்ற பழைய கருத்துநிலையைப் ‘பாதுகாப்பு’ என்ற புதிய சொல்லின் உள்ளே நாம் வைத்துக்கொண்டிருப்பதே இதற்குக் காரணம் என்பதும் இக்கட்டுரையின் வாதமாகும். இதனை விளக்குவதற்கு ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ என்ற சிறுகதையையும் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ என்ற நாவலையும் எடுத்துக்கொள்கின்றோம். தமிழில் இவ்விடயம் பொதுவாசகர் மத்தியில் பகிரங்கமாக விவாதிக்கப்பட்டதற்கு இவ்விரு படைப்புகளையும் போன்ற வேறு எடுத்துக்காட்டுகள் அரிது. அவ்விவாதத்தில் எது பேசப்படாது விடப்பட்டது என்பதே எமது அக்கறைக்குரியது.

2

காவல் என்பது எமது இலக்கிய மரபில் ஆழ வேரூன்றிய ஒரு கருத்தாகும். அகத்திணை மரபிற் கூறப்படும் இற்செறிப்பு இதற்கு ஒரு சான்று. மகளின் களவொழுக்கம் பற்றி ஐயங்கொண்ட தாய் அவளை வீட்டை விட்டு வெளியே செல்லவிடாது தடுக்கின்றாள். ஊரில் எழும் அலரே இங்கு தடைக்குக் காரணமாகின்றது. தலைவிக்கு நேரக்கூடிய துன்பத்திலும் பார்க்கக் குடிக்கு நேரக்கூடிய பழியே இங்கு முதன்மை பெறுகின்றது என்பது மனங்கொள்ளத்தக்கது.

வள்ளுவர் ‘வாழ்க்கைத் துணைநலம்’ என்ற அதிகாரத்தில், சிறை வைத்துக் காக்கும் காவலினால் என்ன பயன் என்று வினவி, பெண்ணின் நிறையே தலையாய காவல் என்று கூறுகின்றார். இல்லச் சிறையின் பயனின்மையை எடுத்துரைத்த வகையில் இது ஒரு முன்னேற்றம் என்று பலர் போற்றியுள்ளனர். அது பொருந்தும். ஆயின், காவலின் பொறுப்பு சுவரிலிருந்து நீங்கிப் பெண்ணின் மனத்துக்கு மாற்றப்படுகின்றது என்பதையும் நாம் கவனிக்க வேண்டும். சுவர் காவலாக இருக்கும்போது தவறு நிகழின் சுவரைக் குறை கூறலாம். மனமே காவலாகும்போது, நிகழ்வது எதுவாயினும் அது அவள் மனத்தின் குறையாகிவிடுகின்றது. இக்குறட்பா எழுந்த காலத்துக்குரிய பொருள் வேறாக இருக்கலாம். பிற்காலச் சமூகம் அதனைப் பயன்படுத்திய முறை இதுவே.

அகலிகை கதை இதே பிரச்சினையின் மற்றொரு வடிவமாகும். வந்தவன் கணவனல்லன் என்பதை அவள் அறிந்தாளா, எப்பொழுது அறிந்தாள், அறிந்தபின் என்ன செய்தாள் என்பவற்றிலேயே இக்கதையைக் கூறியோர் வேறுபடுகின்றனர். வேடமிட்டு வந்தவனின் வஞ்சகத்திலும் பார்க்க வஞ்சிக்கப்பட்டவளின் மனநிலையே நூற்றாண்டுக் கணக்கில் விசாரணைக்கு உட்படுத்தப்பட்டு வந்துள்ளது. புதுமைப்பித்தன் 1943 இல் எழுதிய ‘சாப விமோசனம்’ இவ்விசாரணையைத் தலைகீழாக்கியது. சாபம் நீங்கிப் பெண்ணுருப் பெற்ற அகலிகை, இராமன் சீதையைத் தீக்குளிக்குமாறு கேட்டான் என்பதை அறிந்து மீண்டும் கல்லாகின்றாள். மன்னிப்பு வழங்கியவனே மறுபடியும் சான்று கேட்கும் உலகில், அம்மன்னிப்புக்கு என்ன பெறுமதி என்பதே அக்கதை எழுப்பும் வினா. ஜெயகாந்தனின் சிறுகதை இவ்வினாவிலிருந்தே தொடங்குகின்றது எனலாம். அதன் தலைப்பும் சீதையின் தீக்குளிப்பையே நினைவூட்டுகின்றது.

3

‘அக்கினிப் பிரவேசம்’ 1966 இல் ‘ஆனந்த விகட’னில் வெளியாயிற்று. மழை பெய்யும் ஒரு மாலைப்பொழுதில் கல்லூரி மாணவி ஒருத்தி பஸ்ஸிற்காகக் காத்து நிற்கின்றாள். அவள் வறிய விதவைத் தாய் ஒருத்தியின் மகள். பெரிய கார் ஒன்றில் வந்த இளைஞன் அவளை வீட்டில் இறக்கிவிடுவதாகக் கூறி ஏற்றிச் செல்கின்றான். அன்றிரவு வீடு திரும்பும் மகள் நடந்ததைத் தாயிடம் கூறுகின்றாள். முதலிற் கதறி அவளை அடிக்கும் தாய், பின்னர் தன்னைச் சுதாரித்துக்கொண்டு, மகளின் தலையில் நீரைக் கொட்டிக் குளிப்பாட்டி, அது நீரன்று நெருப்பு என்று எண்ணிக்கொள்ளுமாறும், அவள் தூயவளாகிவிட்டாள் என்றும் கூறித் தேற்றுகின்றாள்.

கதை வெளியானபோது எழுந்த சர்ச்சை தமிழிலக்கிய வரலாற்றில் அறியப்பட்ட ஒன்று. தாய் மகளை மன்னித்தது தகுமா என்பதே அச்சர்ச்சையின் மையமாயிற்று. கதையின் முடிவை மாற்றி எழுதியோரும் உளர். கதையை எதிர்த்தோரும் ஆதரித்தோரும் ஒரு விடயத்தில் ஒன்றுபட்டிருந்தனர் என்பது இன்று நோக்கும்போது தெளிவாகின்றது. இரு சாராரும் அப்பெண்ணின் தூய்மையைப் பற்றியே வாதிட்டனர். அவளது பாதுகாப்பைப் பற்றி எவரும் வாதிடவில்லை. காரில் வந்தவனைப் பற்றிப் பேசியோர் மிகக் குறைவு.

கதையை இவ்வகையில் மீண்டும் வாசிக்கும்போது, சர்ச்சையின் ஆரவாரத்தில் மறைந்துபோன சில கூறுகள் முன்னுக்கு வருகின்றன. மழையில் நனைந்து பஸ்ஸிற்குக் காத்திருத்தல் என்பது ஒரு வர்க்கத்தின் அனுபவம். காரைத் தன் விருப்பப்படி எங்கும் செலுத்த முடிதல் வேறொரு வர்க்கத்தின் வசதி. பொதுப் போக்குவரத்தை நம்பி வாழும் வறிய மாணவிக்கும், நகரின் வீதிகள் அனைத்தையும் தனதாகக் கருதும் செல்வந்த இளைஞனுக்கும் இடையிலான ஏற்றத்தாழ்வே அங்கு நிகழ்ந்ததைச் சாத்தியமாக்கியது. இதனை ஆசிரியர் அறிந்தே அமைத்துள்ளார். ஆயினும், அக்காலத்து வாசகர் இதனைப் பெண்ணொருத்தியின் ஒழுக்கப் பிரச்சினையாகவே வாசித்தனர். ‘அவள் காரில் ஏறியிருக்கக் கூடாது’ என்ற தீர்ப்பு, உரிய நேரத்தில் பஸ் வந்திருக்க வேண்டும் என்ற எளிய உண்மையை மறைத்துவிட்டது.

மற்றொன்று, அவளுடைய செயலற்ற நிலை. காரினுள்ளே அச்சமும் திகைப்பும் ஒருங்கே அவளை ஆட்கொள்கின்றன. அவள் இணங்கினாளா என்ற வினா பலரால் எழுப்பப்பட்டது. இணக்கத்துக்கும் அச்சத்தினாற் பணிவதற்கும் உள்ள வேறுபாட்டைச் சிறுகதையோ நாவலோ முற்றாகத் தெளிவுபடுத்தவில்லை என்பது எமது கணிப்பு. இது அப்படைப்புகளின் ஒரு வரையறையாகும். ஆயின், பேரச்சத்தின் முன் உடல் அசைவற்று உறைந்துபோதல் இன்று மருத்துவ ஆய்வுகளாற் பதிவுசெய்யப்பட்டுள்ளது. சுவீடனின் ஸ்டொக்ஹோம் நகரில், வல்லுறவுக்கு உள்ளானோருக்கான அவசர சிகிச்சை நிலையம் ஒன்றை நாடிய 298 பெண்களிடையே நடத்தப்பட்டு 2017 இல் வெளியான ஆய்வில், அவர்களுள் 70 வீதமானோர் வன்முறையின்போது குறிப்பிடத்தக்க அளவு உறைநிலைக்கு உள்ளானமை தெரியவந்தது. எதிர்க்காமை இணக்கத்தின் அடையாளமாகாது என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை. அகலிகை கல்லானாள் என்ற பழங்கதையைத் தண்டனையாகவன்றி, இவ்வுறைநிலையின் குறியீடாகவும் வாசிக்க இடமுண்டு.

தாயின் செயலை எவ்வாறு மதிப்பிடுவது? 1966 இன் தமிழ் மத்தியதர வர்க்கச் சூழலில் அது துணிவானது. பாதிக்கப்பட்ட மகளைத் தாய் கைவிடவில்லை என்பதே பெரிது. வன்முறைக்கு உள்ளான ஒருவர் முதலில் யாரிடம் அதனைச் சொல்கின்றாரோ, அவருடைய முதற் பதிற்செயல் மிக முக்கியமானது. நம்பிக்கையோடு செவிமடுக்கப்பட்டவர் உதவியை நாடுவர். பழிக்கப்பட்டவர் மௌனத்துள் ஒடுங்குவர். இவ்வகையில் அத்தாய் முதலில் தவறியும் பின்னர் திருந்தியும் நடந்துகொண்டாள். ஆயின், அவள் கழுவியது கறையையே. கறை என்ற கருத்தை அவள் கழுவவில்லை. மகள் தூய்மையிழந்தாள் என்ற எடுகோளை ஏற்றுக்கொண்ட பின்னரே தூய்மைப்படுத்தும் சடங்கு பொருள் பெறுகின்றது. அச்சடங்கு வீட்டின் நான்கு சுவர்களுக்குள், அயலார் அறியாவண்ணம் நிகழ்கின்றது. காரில் வந்தவன் நாளை வேறொரு பஸ் தரிப்பிடத்தில் வேறொருத்தியின் அருகே காரை நிறுத்துவான் என்பது பற்றிக் கதையில் எவரும் கவலைப்படவில்லை.

4

இச்சிறுகதையின் எதிர்வினைகளுக்குப் பதிலாகவே ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ எழுந்தது. 1970 இல் நூலுருப் பெற்று, 1972 இல் சாகித்திய அக்கடமிப் பரிசைப் பெற்ற இந்நாவலில் தாய் மகளைத் தேற்றவில்லை, கூச்சலிடுகின்றாள். ஊர் அறிகின்றது. அண்ணன் வீட்டைவிட்டு வெளியேற்றுகின்றான். கங்கா என்ற அப்பெண் தாய்மாமனின் ஆதரவிற் கற்று, உத்தியோகம் பெற்று, தன் காலில் நிற்கின்றாள். சிறுகதையின் கருணைக்கு மாறாகச் சமூகத்தின் யதார்த்தத்தை நாவல் காட்டுகின்றது என்று விமரிசகர் பலர் கூறியுள்ளனர். அதனை நாம் ஏற்கின்றோம். எமது நோக்கிற்கு முக்கியமானவை இரண்டு பாத்திரங்கள்.

முதலாவது, மாமன். அவர் கற்றவர், சமூக மதிப்புள்ளவர், குடும்பம் கைவிட்ட பெண்ணைப் படிக்க வைத்தவர். அவரே அவளை நெருங்கித் தொல்லை தருகின்றார். ஒருமுறை கெட்டவளுக்கு இனி மணவாழ்வு இல்லை என்று அவர் போதிக்கும் ஒழுக்கமும், அவளைத் தன் இச்சைக்குரியவளாக எண்ணும் துணிவும் ஒரே கருத்துநிலையிலிருந்து பிறப்பவை. காவலற்றவள் எவருக்கும் உரியவள் என்பதே அக்கருத்துநிலை. அந்நியனிடம் எச்சரிக்கையாக இரு என்று அறிவுரை கூறும் சமூகம், பாதுகாவலனிடம் எச்சரிக்கையாக இரு என்று கூறுவதில்லை. அவ்வாறு கூறினால் காவல் என்ற அமைப்பே ஆட்டங்காணும். ஆனால் உண்மை நாவலின் பக்கமே உள்ளது. பாலியல் வன்முறை புரிவோருள் பெரும்பாலானோர் பாதிக்கப்பட்டவருக்கு முன்னரே அறிமுகமானவர்கள் என்பது உலகின் பல பகுதிகளிலும் மீளமீள நிறுவப்பட்டுள்ளது. எமது நாட்டில் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2019 இல் நடத்திய பெண்கள் நல்வாழ்வு அளவீடு, கணவனோ துணைவனோ உடையவராய் வாழ்ந்த பெண்களுள் 20.4 வீதமானோர் அத்துணைவரின் உடல்ரீதியான அல்லது பாலியல்ரீதியான வன்முறைக்குத் தம் வாழ்நாளில் உட்பட்டிருந்தனர் எனக் காட்டியது. வீடு பாதுகாப்பு, வீதி ஆபத்து என்ற எளிய பிரிவினை இவ்வெண்ணின் முன் நிற்காது.

இரண்டாவது பாத்திரம் ஆர். கே. வி. என்ற எழுத்தாளர். நாவலினுள்ளே ‘அக்கினிப் பிரவேசம்’ அவர் எழுதிய கதையாக வருகின்றது. கங்கா கற்ற கல்லூரியில் அக்காலத்திற் பணியாற்றிய அவர், மழையில் அவள் காரில் ஏறியதைக் கண்டவர். கண்டதிலிருந்து மீதியைக் கற்பனை செய்து கதை எழுதினார். ஆசிரியர் தன்னையே ஒருவாறு விசாரணைக்கு உட்படுத்தும் உத்தி இது என்று கொள்ளலாம். ஆயின், இதில் மற்றொரு பொருளும் உண்டு. அக்காட்சிக்கு ஒரு சாட்சி இருந்தார். அவர் தீயவரல்லர், அப்பெண்ணின்மீது பரிவுடையவர். எனினும் அந்நேரத்தில் அவர் ஒரு சொல்லும் கூறவில்லை. பின்னர் ஒரு கதை கூறினார். பார்த்திருந்தவரின் பொறுப்பு என்ற விடயத்தை இதனினும் கூர்மையாக எழுப்பிய தமிழ் நாவல் எமக்குத் தெரிந்தவரையில் இல்லை. ஆனால் நாவல் வெளியானபோது இதனைச் சுட்டிக்காட்டி விவாதித்தோர் அரிது. எழுத்தாளரும் விமரிசகரும் தம்மைப் பார்வையாளராகவே கருதிப் பழகிவிட்டமை இதற்குக் காரணமாகலாம்.

நாவலின் முடிவில் கங்காவுக்கு விடுதலை இல்லை. தன்னைக் கெடுத்தவனையே தேடிக் கண்டு, அவனோடு பெயரளவிலான ஓர் உறவை ஏற்படுத்திக்கொண்டு, பின்னர் அதனையும் இழந்து அவள் சிதைகின்றாள். பொருளாதாரச் சுதந்திரம் பெற்ற பெண்ணும் காவற் கருத்துநிலையின் சிறையிலிருந்து தனித்து வெளியேற இயலாது என்பதை இம்முடிவு காட்டுகின்றது. அதேவேளை, கூட்டாக வெளியேறும் வழி ஒன்று உண்டு என்பதை நாவல் காட்டவில்லை. தனிமனித மனச்சாட்சியின் எல்லையிலேயே ஜெயகாந்தனின் மனிதாபிமானம் நின்றுவிடுகின்றது என்பது முற்போக்கு விமரிசகர் முன்வைக்க வேண்டிய குறையாகும்.

5

இலக்கியத்தில் நாம் கண்ட இதே கருத்துநிலை நீதிமன்றத்திலும் செயற்பட்டது. இந்தியாவில் மதுரா வழக்கு என அறியப்படும் வழக்கு இதற்குத் தக்க சான்றாகும். 1972 இல் மகாராஷ்டிர மாநிலத்தில், பழங்குடியைச் சேர்ந்த இளம்பெண் ஒருத்தி பொலிஸ் நிலையத்தினுள்ளே பொலிஸாரால் வல்லுறவுக்கு உட்படுத்தப்பட்டாள். 1978 இல் இந்திய உச்ச நீதிமன்றம், அவள் உடலிற் காயங்கள் இல்லை, அவள் கூக்குரலிடவில்லை என்பவற்றைச் சுட்டி, குற்றஞ்சாட்டப்பட்டவர்களை விடுவித்தது. காவல் நிலையம் என்ற பெயருடைய இடத்திலேயே இது நிகழ்ந்தது என்பதில் உள்ள முரண் சிந்தனைக்குரியது. 1979 இல் சட்டப் பேராசிரியர்களான உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார், வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர் ஆகிய நால்வர் பிரதம நீதியரசருக்கு எழுதிய பகிரங்கக் கடிதம் நாடளாவிய பெண்கள் இயக்கத்துக்குத் தூண்டுகோலாயிற்று. 1983 இற் சட்டம் திருத்தப்பட்டது. பல்கலைக்கழகத்திலிருந்து எழுந்த ஒரு விமரிசனம் சட்டத்தை மாற்ற முடியும் என்பதற்கு இது எடுத்துக்காட்டாகும்.

இலங்கையில் 1995 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் தண்டனைச் சட்டக்கோவையில் முக்கியமான மாற்றங்களைச் செய்தது. உடற்காயங்கள் போன்ற எதிர்ப்பின் சான்றுகள், இணக்கமின்மையை நிரூபிப்பதற்கு இன்றியமையாதன அல்ல என்று அது விளக்கமாகவே கூறிற்று. பாலியல் தொந்தரவையும் அது தனிக் குற்றமாக்கியது. அதேவேளை, மனைவியைப் பொறுத்தவரையில், நீதிமன்றக் கட்டளையாற் பிரிந்து வாழ்பவளுக்கு மட்டுமே அத்திருத்தம் வல்லுறவுச் சட்டத்தின் காப்பை நீட்டியது. வீட்டின் வாசலில் வந்து நின்றுவிடும் சட்டம், காவற் கருத்துநிலையின் எல்லைக்கோட்டையே தன் எல்லைக்கோடாகவும் ஏற்றுக்கொண்டது எனலாம். 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம், பகிடிவதையின்போது பாலியல் தொந்தரவு புரிவோருக்குப் பத்தாண்டு வரையான சிறைத்தண்டனைக்கு வழிவகுத்தது. ஆகவே சட்டத்தில் மாற்றம் நிகழ்ந்துள்ளது. மக்களின் பேச்சிலும் நிர்வாகத்தின் நடைமுறையிலும் அம்மாற்றம் எவ்வளவு நுழைந்துள்ளது என்பதே பிரச்சினை.

6

எமது நாட்டின் தமிழ்ச் சூழலில் இவ்வினா மேலும் கடுமையானது. போர்க்காலத்திற் காவலின் பழைய விதிகள் எல்லாம் பொருளற்றுப் போயின. 1996 இல் யாழ்ப்பாணத்திற் பரீட்சை எழுதிவிட்டுப் பட்டப்பகலில் வீடு திரும்பிய மாணவி ஒருத்தி இராணுவக் காவலரணில் தடுத்து வைக்கப்பட்டு, வல்லுறவுக்கு உள்ளாக்கப்பட்டுக் கொல்லப்பட்டாள். தேடிச் சென்ற தாயும் தம்பியும் அயலவரும் கொல்லப்பட்டனர். 1998 இற் கொழும்பு மேல் நீதிமன்றம் இவ்வழக்கில் இராணுவத்தினரைக் குற்றவாளிகளாகக் கண்டது. 1997 இல் அம்பாறை மாவட்டத்தில் தாய் ஒருத்தி தன் வீட்டிலேயே கொல்லப்பட்டாள்; அவளைப் பற்றிக் கலா எழுதிய கவிதை கடும் விவாதத்துக்கு உள்ளாயிற்று. அம்மாணவி அறிவுரைகளில் எதனை மீறினாள்? அத்தாய் எந்த வாசலைத் தாண்டினாள்? நேரம், இடம், உடை, நடை ஆகியவற்றாற் பாதுகாப்பை விளக்கும் அனைத்தும் இவ்விரு நிகழ்வுகளின் முன் வாயடைத்து நிற்கின்றன.

போர் ஓய்ந்த பின்னரும் அன்றாட வாழ்வின் நிலை வேறுபட்டதன்று. ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் இலங்கையின் எல்லா மாவட்டங்களிலும் 2,500 பெண்களிடையே நடத்திய ஆய்வில், 90 வீதமானோர் பஸ்ஸிலோ புகையிரதத்திலோ பாலியல் தொந்தரவுக்கு உள்ளானதாகக் கூறினர். பொலிஸாரின் உதவியை நாடியோர் 4 வீதமே. ஜெயகாந்தனின் மாணவிக்குப் பஸ் வரவில்லை. எமது மாணவியருக்குப் பஸ் வருகின்றது, அதனுள்ளும் பாதுகாப்பில்லை. நிறைந்த பஸ்ஸில் நிகழ்வது ஒருவனின் செயல் மட்டுமன்று; அங்கிருக்கும் பலரின் மௌனமும் அதில் அடங்கும். ஆர். கே. வி. ஒவ்வொரு பஸ்ஸிலும் பயணஞ் செய்கின்றார்.

இம்மௌனத்தைப் பெண்களே உடைக்கத் தொடங்கியமை எமது இலக்கியத்தின் பெருமைக்குரிய பகுதி. 1986 இற் சித்திரலேகா மௌனகுருவைப் பதிப்பாசிரியராகக் கொண்டு யாழ்ப்பாணத்திலிருந்து வெளிவந்த ‘சொல்லாத சேதிகள்’ என்ற தொகுதி, தலைப்பினாலேயே ஒரு விடயத்தை உணர்த்தியது. சேதிகள் இல்லாதிருந்தமையால் அன்று, சொல்ல இடமில்லாதிருந்தமையாலேயே அவை சொல்லப்படாதிருந்தன. பெண்ணின் உடலைக் காவலுக்குரிய பொருளாகவன்றி, சிந்திக்கும் ஒருத்தியின் இருப்பாக நோக்கும் பார்வை இங்கு வலுப்பெறுகின்றது.

7

அவ்வாறாயின், பெண்களுக்கு எந்த அறிவுரையும் கூறக் கூடாதா என்று ஒருவர் கேட்கலாம். இது நியாயமான வினா. வீட்டுக்குத் தீ வைப்பவன் குற்றவாளி என்பதால் நாம் தண்ணீர் வாளியை வெளியே வீசிவிடுவதில்லை. ஆபத்தைக் குறைக்கும் அறிவு வேண்டும்; அது பெண்ணின் கையிற் சேர வேண்டும். அவ்வறிவு அவளது உலகைச் சுருக்குகின்றதா, விரிக்கின்றதா என்பதே அளவுகோல்.

இவ்விரண்டாம் வகை அறிவு சாத்தியம் என்பதற்குச் சான்றுண்டு. கனடாவின் மூன்று பல்கலைக்கழகங்களில் முதலாண்டு மாணவியர் 893 பேரிடையே நடத்தப்பட்டு 2015 இல் வெளியான ஆய்வொன்று இவ்வகையில் முக்கியமானது. இங்கு மாணவியருக்கு இருட்டைப் பற்றியோ உடையைப் பற்றியோ போதிக்கப்படவில்லை. அறிமுகமான ஆணின் நடத்தையில் ஆபத்தின் அறிகுறிகளை இனங்காணல், ‘இவர் நண்பராயிற்றே, மனம் நோகுமே’ என்ற தயக்கத்தை வெல்லல், சொல்லாலும் உடலாலும் உறுதியாக எதிர்த்தல், தமது விருப்பத்தையும் விருப்பமின்மையையும் தாமே அறிந்து கூறல் ஆகியன பயிற்றப்பட்டன. ஓராண்டின் பின்னர், பயிற்சி பெற்றோருள் 5.2 வீதமானோரும், துண்டுப்பிரசுரங்கள் மட்டும் பெற்றோருள் 9.8 வீதமானோரும் வல்லுறவுக்கு உள்ளாகியிருந்தனர். இவ்வேறுபாடு கருதத்தக்கது. பணிவைக் கற்பித்தல் ஆபத்தைக் குறைக்கவில்லை; பணியாமையைக் கற்பித்தல் குறைத்தது. அச்சம், மடம், நாணம் என்று நாம் பெண்மையின் அணிகலன்களாகப் போற்றியவற்றையே இப்பயிற்சி தடைகளாகக் கண்டு நீக்குகின்றது என்பது எமது மரபைப் பற்றி நாம் சிந்திப்பதற்குரிய இடமாகும்.

ஆயினும் இப்பயிற்சி பெற்றோருள்ளும் ஒரு பகுதியினர் பாதிக்கப்பட்டனர் என்பதை மறத்தலாகாது. எந்தப் பயிற்சியும் முழுக் காப்பாகாது. ஆகவே எதிர்க்க இயலாது போனவளை, உறைந்துபோனவளை, ‘கற்றும் தவறினாய்’ என்று கூறும் புதியதொரு குற்றச்சாட்டாகப் பயிற்சியும் மாறிவிடலாம். இவ்விடத்தில் நாம் விழிப்பாயிருத்தல் வேண்டும். ஓர் அறிவுரையைச் சோதிப்பதற்குரிய எளிய வழி ஒன்றுண்டு. தீங்கு நேர்ந்த பின்னர் அவ்வறிவுரை யாருடைய பக்கம் நிற்கின்றது என்று பார்க்க வேண்டும். ‘உதவியை நாடு, 72 மணித்தியாலங்களுக்குள் மருத்துவமனைக்குச் சென்றால் நோய்த்தொற்றைத் தடுக்கும் மருந்து உண்டு, அரசாங்க மருத்துவமனைகளில் நட்பு நிலையங்கள் உண்டு, 1938 என்ற இலக்கத்தை அழைக்கலாம்’ என்பன தீங்கு நேர்ந்த பின்னரும் அவளோடு நிற்கின்றன. ‘அங்கே போகாதே’ என்பது அவளை விட்டுவிட்டு எதிர்த்தரப்புச் சாட்சியாகிவிடுகின்றது.

1977 நவம்பரில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், தொடர்கொலைகளின் காரணமாகப் பெண்கள் இரவில் வெளியே செல்ல வேண்டாம் எனப் பொலிஸார் கூறிவந்த வேளையில், பெண்கள் திரண்டு இரவு வீதிகளில் ஊர்வலம் சென்றனர். ஆபத்து ஆண்களிடமிருந்து வரும்போது ஊரடங்கு பெண்களுக்கு ஏன் என்பதே அவர்களின் வினா. எமது பல்கலைக்கழக விடுதிகளில் மாணவியருக்கும் மாணவருக்கும் வெவ்வேறு நேரக் கட்டுப்பாடுகள் விதிக்கப்படும் ஒவ்வொரு முறையும் அவ்வினா எழவே செய்யும்.

8

நாம் கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், காவலின் பொருள் பெண் குடும்பத்தின் உடைமை என்பது. பாதுகாப்பின் பொருள் பெண் தன் வாழ்வின் உரிமையாளர் என்பது. இரண்டும் ஒரே சொற்களைப் பயன்படுத்தக்கூடும். ஆயினும் அவை எதிரெதிர்த் திசைகளில் இட்டுச் செல்வன. ‘அக்கினிப் பிரவேச’த்தின் தாய் இவ்விரண்டுக்கும் இடையே நின்று தடுமாறியவள். அவளது கருணை எமது மதிப்புக்குரியது. அவள் நின்ற இடத்திலேயே நாமும் நின்றுவிடல் எமது தவறாகும்.

பல்கலைக்கழகத் தமிழ்ச் சமூகம் இதில் ஆற்றக்கூடிய பணி பெரிது. வளாகப் பாதைகளுக்கு வெளிச்சம், மாலை விரிவுரைகளுக்குப் பின் போக்குவரத்து, முறைப்பாட்டை இரகசியமாக ஏற்று விசாரிக்கும் பொறிமுறை, உளவளத்துணை, மாணவியருக்குத் தற்காப்புப் பயிற்சி, மாணவருக்கு இணக்கம் பற்றிய கல்வி ஆகியன கோரிக்கைகளாக முன்வைக்கப்பட வேண்டும். விரிவுரையாளர் என்ற அதிகாரத்தை ஒருவர் துஷ்பிரயோகம் செய்யும்போது, நிறுவனத்தின் நற்பெயரைக் காரணங்காட்டி மௌனங்காக்கும் வழக்கம் ஒழிய வேண்டும். நிறுவனத்தின் பெயரைக் காத்தலும் குடியின் பெயரைக் காத்தலும் ஒரே காவலின் இரு முகங்களே.

விமரிசகருக்கும் ஒரு கடமை உண்டு. ஒரு படைப்பிற் பெண் பாதிக்கப்படும்போது அவள் தூயவளா என்று வினவுவதை நாம் கைவிட வேண்டும். அங்கே யார் இருந்தார்கள், யார் கண்டார்கள், யார் பேசாதிருந்தார்கள், எந்த அமைப்பு அதனைச் சாத்தியமாக்கியது என்று வினவப் பழக வேண்டும். ஜெயகாந்தனின் கதை வெளியாகி அறுபது ஆண்டளவாகின்றது. மழையில் நின்ற அம்மாணவியைப் பற்றி நாம் நிறையப் பேசிவிட்டோம். அவளுக்கு ஏன் பஸ் வரவில்லை என்று இனியேனும் கேட்போமாக.